கண்ணுக்கு எட்டாத பிசிறு

தருமபுரிப் பக்கத்திலே ஒரு புதுவீடு கட்டி முடிந்து, கிரகப்பிரவேசத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டதென்றால், வீட்டுக்காரரும் அவருடைய பந்துக்களும் நிலைவாசலின் மரவேலையையும், கூடத்துத் தரையின் மினுமினுப்பையும், சமையல் மேடைக்குப் போட்டிருக்கும் கறுப்புக் கல்லையும், மாடிப்படியின் கைப்பிடியையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். ஆனால் குளியலறையின் மூலையிலே தரையோடு தரையாகப் பதிந்து கிடக்கும் சிறிய ஜாலியைப் பெயர்த்தெடுத்து, அதன் கீழுள்ள துவாரத்தை வேலைக்காரர்கள் எப்படி முடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று குனிந்து பார்க்கிறவர்களை நான் அதிகமாகக் கண்டதில்லை. குடி புகுந்து சில மாதங்கள் ஆனபின், உதிர்ந்த முடியும் சோப்புக் கசடும் சேர்ந்து அடைத்துக்கொண்டு, குளித்த தண்ணீர் கணுக்கால் வரையில் தேங்கி நிற்கிற ஒரு காலை வேளையில்தான், வீட்டில் யாரேனும் ஒருவர் அந்த ஜாலியைத் தூக்கி உள்ளே விரலை விடுகிறார். மழுக்காமல் விட்டுப் போன தகடும் உடைந்த டைலும் அங்கே இருப்பது, விரல் கிழிந்த பிறகுதான் தெரியவருகிறது.

கட்டட வேலைக்காரர்கள் ‘நானி டிராப்’ என்று வழங்கும் இந்தச் சாதனம் முன்பெல்லாம் வார்ப்பிரும்பில் வந்துகொண்டிருந்தது. இப்போது பெரும்பாலும் பி.வி.சி.யில் வருகிறது. தண்ணீர் தங்குவதற்கு ஒரு கிண்ணம், அதிலிருந்து வளைந்து மேலேறி வெளியே செல்லும் ஒரு குழாய், மேலே மூடுவதற்கு ஓட்டைகள் போட்ட ஓர் எஃகுத் தகடு, இவ்வளவுதான் அதன் அமைப்பு. முறையாகச் செய்த வேலையானால், தரை நாற்புறமிருந்தும் வாட்டம் பெற்று அந்தத் துவாரத்தை நோக்கி இறங்கியிருக்கும். சுற்றியுள்ள டைல்கள் அளவாக அறுக்கப்பட்டு, அறுத்த ஓரம் தேய்க்கப்பட்டு, ஜாலியின் சட்டம் அந்த ஓரத்தை முழுவதும் மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும். அவசரத்தில் செய்த வேலையானால், கட்டிங் மெஷினால் நாலு கோடு போட்டுச் சுத்தியலால் தட்டிப் பெயர்த்த ஓர் ஒழுங்கற்ற பள்ளமே அங்கே இருக்கும். அதன் ஓரங்களில் டைலின் சில்லுகள் நீட்டிக்கொண்டிருக்கும். கோணலாக அறுத்த குழாயின் வாயில் பிசிறு தொங்கும். சிந்திய சிமெண்டுக் கலவை வழித்தெடுக்கப்படாமல் முள்முள்ளாக இறுகியிருக்கும். ஜாலியின் மேற்புறம் முகம் பார்க்கும்படி பளபளத்தாலும், அதன் அடிப்புறத்தைத் தடவினால் ஒவ்வோர் ஓட்டையின் ஓரமும் சருமத்தைப் பிறாண்டும்.

குளிர் மிகுந்த தேசங்களிலே இதே விஷயம் வேறு ரூபத்தில் இருக்கிறது. வட அமெரிக்காவில் ஏராளமான வீடுகளில், நிலவறையிலுள்ள உலையில் சூடாகும் காற்றைத் தகட்டுக் குழாய்களின் மூலம் அறை அறையாகக் கொண்டு சென்று, தரையிலே சுமார் 4 அங்குல அகலமும் 10 அங்குல நீளமும் உள்ள துவாரங்களின் வழியாக வெளியே விடுகிறார்கள். மேலே அழகான கம்பிச் சட்டம் ஒன்று மூடியிருக்கும். டொராண்டோவின் ஸ்கார்பரோப் பகுதியில் வாழும் ஈழத்தமிழர் வீடுகளிலும், நியூ ஜெர்சிக்குக் குடிபோன நம் பக்கத்துப் பிள்ளைகளின் வீடுகளிலும் இத்தகைய துவாரங்கள் சர்வசாதாரணம். துத்தநாகம் பூசிய அந்தத் தகட்டின் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். அதைக் கத்தரித்து மடிக்காமலும் தேய்க்காமலும் பொருத்திவிட்டால், அது கத்தியின் அலகுக்கு ஒப்பாகவே நிற்கும். துண்டுகளை இணைக்கும் திருகாணிகளின் முனைகள் உட்புறமாக நீட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போயிருக்கும் பாட்டி, குழந்தை உள்ளே போட்டுவிட்ட பொம்மையை எடுப்பதற்காகச் சட்டத்தைத் தூக்கிக் கையை விடுவது இயற்கை. அந்த வீட்டைக் கட்டியவர்களோ, ஒரு கை அதற்குள் நுழையும் என்பதை எண்ணிப் பாராமலே வேலையை முடித்திருப்பார்கள். கூடத்தில் காற்று வரும் துவாரமானால் என்ன, குளியலறையில் நீர் போகும் துவாரமானால் என்ன, ஜாலிக்கு மேலே பார்வைக்காகச் செய்த வேலையும், ஜாலிக்குக் கீழே வெறுமனே முடித்துத் தள்ளிய வேலையும் இரண்டு தேசங்களிலும் ஒரே மாதிரியாகத்தான் இருக்கின்றன.

பிசிறு எப்படி உண்டாகிறது என்பதைச் சற்றே விளக்கவேண்டும். தகட்டைக் கத்தரியோ அச்சோ வெட்டும்போது, அதன் கனம் முழுவதையும் அலகு அறுப்பதில்லை. மேற்பகுதி வெட்டுப்பட்டதும் மிச்சமுள்ள பகுதி அழுத்தம் தாங்காமல் கிழிகிறது. வாழைப்பட்டையைக் கிழித்தால் ஓரத்தில் நார் நிற்பதைப்போல, கிழிந்த பக்கத்திலே உலோகம் மெல்லிய இதழாக இழுபட்டு நிற்கிறது. வெட்டும் அச்சு புதிதாகக் கூர் தீட்டியிருந்தால் இந்த இதழ் மிகவும் சிறியதாக இருக்கும்; ஆயிரக்கணக்கான தகடுகளை அறைந்து மழுங்கிப்போன அச்சானால் பிசிறும் பெரிதாகும். ஆகவே மலிவான ஜாலியின் அடிப்புறம் கூராக இருப்பதற்குக் காரணம், மழுங்கிய அச்சைத் தீட்டாமலே ஓட்டியதும், வெட்டியபின் அரம் போட்டுத் தேய்க்கும் கடைசி வேலையைக் கைவிட்டதும் ஆகும். குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி லாரியாக இங்கே வந்திறங்கும் டைலின் கதையோ வேறு. உயர்ந்த வெப்பத்தில் சுட்டு, கண்ணாடிக்கு நிகராக இறுகிய பொருள் அது. தட்டி உடைத்தால் கண்ணாடி உடைவதைப்போலவே சில்லுச் சில்லாகப் பெயர்ந்து, ஒவ்வொரு சில்லின் ஓரத்திலும் கூர்மையை விட்டுச் செல்லும். நீர் ஊற்றிக்கொண்டு வைர அலகினால் அறுத்து, பிறகு தேய்ப்புக்கல்லால் ஓரத்தை இரண்டு முறை இழுத்துவிட்டால் அந்தக் கூர்மை போய்விடும். அதற்கு ஆகும் நேரம் ஒரு துவாரத்துக்குச் சில நிமிஷங்களே.

அந்தச் சில நிமிஷங்கள் கொடுக்கப்படாததனால் வீட்டில் யார் துன்பப்படுகிறார்கள் என்பதைத்தான் முதலில் நினைக்கவேண்டும். வீட்டைக் கட்ட உத்தரவிட்டவர், கட்டியவர் இருவருமே அந்தத் துவாரத்துக்குள் கையை விடுவது அபூர்வம். பெரும்பாலும் அதைச் செய்பவர் வீட்டுப் பெண்மணி, அல்லது வீட்டு வேலைக்கு வரும் அம்மா. அடைப்பு மிஞ்சிப்போனால் தெருக்கோடியிலிருந்து அழைத்து வரப்படும் பிளம்பர். தருமபுரி ஜில்லாவிலோ இந்த வேலை அடிக்கடி நேர்கிறது. இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பல்லில் கறையும் எலும்பில் நோவும் தலைமுறை தலைமுறையாகக் கண்டதனால்தான், ஜப்பானின் கடனுதவியோடு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு, 2013-ஆம் ஆண்டில் காவிரி நீர் வந்தது. குடிப்பதற்குக் காவிரி வந்தபோதிலும், குளிக்கவும் துவைக்கவும் பல வீடுகளில் போர்வெல் தண்ணீரே உபயோகமாகிறது. அந்த நீரோ உப்பு மிகுந்த கடின நீர். சோப்பு அதில் நுரைக்காமல் வெள்ளைக் கசடாகத் திரிந்து துவாரத்தில் படிகிறது; ஜாலியின் ஓட்டைகள் உப்பேறிக் குறுகுகின்றன. உப்புக் கறையைப் போக்குவதற்கு ஆசிட் ஊற்றினால், அதிலுள்ள குளோரைடு மலிவான எஃகுத் தகட்டைப் புள்ளிபுள்ளியாக அரித்துத் துளைக்கிறது; நல்ல விளிம்போடு வந்த ஜாலிகூட ஓரிரு வருஷத்தில் ரம்பத்தின் பல்லைப்போல் ஆகிவிடுவதற்கு இதுவே காரணம்.

நம்முடைய வீடுகளிலே இன்னொரு விசேஷம் உண்டு. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடமாடுவது நம் வழக்கம். அது சுத்தத்துக்கும் மரியாதைக்கும் உகந்த நல்ல வழக்கந்தான். ஆனால் வெறுங்காலோடு வாழ்கிற வீட்டுக்கு, செருப்புக் காலோடு வாழ்கிற வீட்டைக் காட்டிலும் தரை வேலையில் அதிக சிரத்தை வேண்டும். சட்டத்தில் சரியாகப் பொருந்தாமல் ஒரு பக்கம் எழும்பி நிற்கும் ஜாலியின் மூலை, கால் விரலின் இடுக்கைக் கிழித்துவிடும்; சாதாரண மனிதருக்கு அது இரண்டு நாள் எரிச்சலோடு போய்விடலாம். நீரிழிவு உள்ளவர்களின் நிலையோ வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய ஆய்வு, இந்நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023-ல் தெரிவித்தது. நெடுநாள் நீரிழிவினால் பாதத்து நரம்புகள் மரத்துப்போனவருக்குக் கீறல் பட்டதே தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்திருப்பதனால் கீறல் புண்ணாகி, புண் ஆறாமல் விரலையே எடுக்கவேண்டிய நிலைக்கும் போவதுண்டு. முதியவர்கள் புழங்கும் குளியலறையில் ஒரு ஜாலியின் மூலை எழும்பி நிற்பதை அற்ப விஷயமென்று என்னால் நினைக்க முடியவில்லை.

விரல் கிழிந்த இடம் சாக்கடை நீரோடு சம்பந்தப்பட்ட இடம் என்பதையும் மறக்கலாகாது. எலியின் மூத்திரத்தில் வெளியாகும் லெப்டோஸ்பைரா என்னும் கிருமி, நீரிலும் ஈர மண்ணிலும் உயிரோடு இருந்து, தோலில் உள்ள சிறு வெட்டுக்களின் வழியாகவே உடலில் நுழைகிறது. எலிக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் நோய் அதனால் வருவது. மண்ணிலும் சாணத்திலும் வாழும் கிருமி வித்துக்களால் உண்டாவது ரணஜன்னி. இரும்புத் துருவே ரணஜன்னியை உண்டாக்குகிறது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. துருவிலிருந்து அது பிறப்பதில்லை. துருப்பிடித்த பொருள் மண்ணிலும் அழுக்கிலும் கிடப்பதால் அந்த வித்துக்களைச் சுமந்திருக்கக்கூடும் என்பதே விஷயம். ஆகையால் துருவே இல்லாத புதிய டைல் சில்லு குத்தினாலும், காயத்தில் அழுக்கு இருந்தால் அபாயம் அதே அபாயந்தான். காயத்தில் காப்பித்தூளையோ சுண்ணாம்பையோ அப்பாமல், ஓடும் சுத்தமான நீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, துணியால் அழுத்திப் பிடித்து, தடுப்பூசி போட்டுப் பல வருஷங்கள் ஆகியிருந்தால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவதுதான் உசிதம்.

துவாரத்தின் உள்வேலை கெட்டுப்போவதனால் வரும் தீங்கு கீறலோடு நின்றுவிடுவதில்லை. நானி டிராப்பின் கிண்ணத்தில் எப்போதும் தேங்கியிருக்கும் கொஞ்சம் தண்ணீர்தான், சாக்கடையின் காற்று வீட்டுக்குள் ஏறாமல் தடுக்கும் கதவு. அது குறைந்தது 50 மில்லிமீட்டர் ஆழமாவது இருக்கவேண்டும் என்பது கட்டட நிர்மாண விதி. வளைந்த குழாயில் நீரைத் தேக்கி நாற்றத்தைத் தடுக்கும் இந்த உபாயத்துக்கு, லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்ஸாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1775-லேயே காப்புரிமை பெற்றிருக்கிறார். அந்த நீர் வற்றிவிட்டால் என்ன நேரும் என்பதை உலகம் 2003-ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே ஹாங்காங்கில் கண்டது. அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் சார்ஸ் நோய் சில வாரங்களுக்குள் 300-க்கும் அதிகமானவர்களைப் பற்றிக்கொண்டு, 42 பேரைப் பலிகொண்டது. அந்தக் குடியிருப்பின் பல குளியலறைகளில் தரைத் துவாரத்தின் வளைகுழாய்கள் நீர் வற்றிக் கிடந்தன என்றும், குளியலறையின் காற்றாடி ஓடும்போது சாக்கடைக் குழாயிலிருந்த நோய்த் துளிகள் அவற்றின் வழியாக உள்ளே இழுக்கப்பட்டன என்றும் விசாரணை செய்தவர்கள் கருதினார்கள். இங்கே அடைப்பு எடுக்கத் தொல்லையாக இருக்கிறதென்று கிண்ணத்தின் உள்மூடியைக் கழற்றி எறிந்துவிடுகிறவர்களும், கையைக் கிழிக்கிறதென்று பயந்து அந்தத் துவாரத்தைச் சுத்தம் செய்யாமலே விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். விளிம்பைத் தேய்க்காமல் விட்ட ஒரு குறை, ஒரு வீட்டின் சுகாதார ஏற்பாட்டையே இவ்வாறு சிதைத்துவிடுகிறது.

இவ்வளவும் தருமபுரியிலே நேர்கிறது என்பதுதான் என் மனத்துக்கு அதிக வருத்தத்தைத் தருகிறது. ஏனென்றால், விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கும் கலை இந்த மண்ணுக்குப் புதியதன்று. 2004-ஆம் ஆண்டு வரையில் தருமபுரி ஜில்லாவோடு சேர்ந்திருந்த கிருஷ்ணகிரிச் சீமையின் மயிலாடும்பாறையில், புதிய கற்காலத்து மனிதர் தேய்த்துப் பளபளப்பாக்கிய கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. அங்கே எடுத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. 2172 வரை பின்னோக்கிச் செல்வதாகத் தமிழக அரசு 2022-ல் அறிவித்தது. தகடூர் என்று பெயர் பெற்றிருந்த இந்த ஊரைச் சுற்றிலும் வீரர்களுக்காக நட்ட நடுகற்கள் எத்தனையோ நின்றிருக்கின்றன. அவற்றிலே பலவற்றைத் தருமபுரியின் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். பென்னாகரம், பாலக்கோடு, அரூர்ப் பக்கத்துப் பாறைகளிலிருந்து வெட்டியெடுக்கும் கறுப்புக் கிரானைட் உலகப் பிரசித்தமானது. அந்தக் கல்லைக் கண்ணாடிபோல் இழைக்கத் தெரிந்த கைகள் இங்கேதான் இருக்கின்றன.

அதே கல்லை நம் சமையல் மேடையிலே பாருங்கள். மேற்புறமும் முன் விளிம்பும் உருட்டித் தேய்க்கப்பட்டு, குழந்தை தலையை இடித்துக்கொண்டாலும் கிழிக்காதபடி மழுங்கியிருக்கும். பாத்திரம் தேய்க்கும் தொட்டியைப் பதிப்பதற்காக அறுத்த பள்ளத்தின் அடிவிளிம்போ, அறுத்த மெஷின் விட்டுப் போன நிலையிலேயே இருக்கும். தொட்டியின் குழாய் ஒழுகினால் குனிந்து கையை மேலே விடுகிறவருடைய புறங்கை அங்கேதான் உரசும். மேடைக்கு மேலே அவ்வளவு தேர்ச்சியும் கீழே இவ்வளவு அலட்சியமும் ஒரே கையிலிருந்து வருவானேன்? கைவேலைக்காரருடைய குணத்தில் காரணத்தைத் தேடுவது அநியாயம். அரூரிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் பெங்களூருக்குப் போய் வேலை செய்யும் கொத்தனார்களும் டைல்ஸ் வேலைக்காரர்களும், மேற்பார்வையாளர் ஒவ்வொரு மூலையையும் தடவிப் பார்க்கிற பெரிய கட்டடங்களில் குற்றமில்லாத வேலை செய்துகொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

குறை, வேலையைப் பிரித்துக் கொடுக்கும் முறையிலே இருக்கிறது. தரை வெறும் ஜல்லியாகக் கிடக்கும்போதே பிளம்பர் வந்து டிராப்பைப் பதித்துவிட்டுப் போய்விடுகிறார். சில மாதங்கள் கழித்து டைல்ஸ் வேலைக்காரர் வருகிறார். அவருக்குக் கூலி சதுர அடிக் கணக்கு. ஒரு முழு டைலை ஒட்டினால் நாலு சதுர அடி ஏறுகிறது. துவாரத்தைச் சுற்றி நாலு துண்டு அறுத்துப் பொருத்துவதற்கு அதைவிட அதிக நேரம் பிடிக்கிறது, கணக்கிலோ ஒன்றும் ஏறுவதில்லை. பிறகு ஜாலியை வைப்பது யாருடைய வேலை என்பதே நிச்சயமில்லை. குழாய் மாட்ட மறுபடி வரும் பிளம்பர் போகிற போக்கில் வைத்துவிட்டுப் போகிறார். இவ்விதம் மூன்று பேர் தொட்ட அந்தத் துவாரத்துக்கு மூவரில் ஒருவரும் பொறுப்பாளி அல்லர். அதற்கென்று கூலி ஒதுக்காத வீட்டுக்காரருக்கும் இதில் பங்கு உண்டு; கூடத்துக்கு விலையுயர்ந்த டைலைத் தேடி அலைகிறவர், ஜாலி வாங்கும்போது கடையிலுள்ளவற்றுள் மலிவானதைக் கேட்டு வாங்கி வருகிறார்.

இந்த அவசரம் வேலைக்காரரையும் விட்டுவைப்பதில்லை என்பதைச் சொல்லியாகவேண்டும். நீர் ஊற்றாமல் டைலையும் கல்லையும் அறுக்கும்போது எழும் வெண்புழுதியிலே நுண்ணிய சிலிக்காத் தூள் இருக்கிறது. வருஷக்கணக்கில் அதைச் சுவாசித்தவரின் நுரையீரல் இறுகிப்போகிறது. சிலிக்கோசிஸ் என்னும் அந்நோய் வந்தபின் அதைப் போக்க மருந்தில்லை. செயற்கைக் கல் பலகைகளை அறுத்தவர்களுக்கு இந்நோய் பரவியதைக் கண்டு, ஆஸ்திரேலியா அத்தகைய பலகைகளையே 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து தடை செய்துவிட்டது. நீர் ஊற்றி அறுத்தால் விளிம்பும் சுத்தமாக வருகிறது, புழுதியும் அடங்குகிறது. ஆகவே ஓர் ஆளை உதவிக்கு வைத்து அலகின்மேல் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள் என்று வீட்டுக்காரர் கேட்பது, தம் வீட்டுப் பெண்களின் விரலுக்கும் அந்த வேலைக்காரருடைய மார்புக்கும் சேர்த்துச் செய்கிற நன்மை.

புதுவீடு கட்டுகிறவர்கள் மேஸ்திரியோடு பேச்சு முடிக்கும்போதே, எல்லாத் துவாரங்களுக்கும் சதுர அடிக் கணக்குக்குப் புறம்பாக ஒரு கூலி பேசிக்கொள்வது நலம். வேலை முடிந்த அன்று, கடைசித் தவணைப் பணம் கைமாறுவதற்கு முன்னால், ஒவ்வொரு ஜாலியையும் எடுத்துவிட்டு, கொஞ்சம் பஞ்சை விரலில் பிடித்துத் துவாரத்தின் ஓரம் முழுவதும், ஜாலியின் அடிப்புறம் முழுவதும் மெல்ல இழுத்துப் பார்க்கவேண்டும். பஞ்சின் இழை எங்கே சிக்கிக்கொள்கிறதோ அங்கே பிசிறு இருக்கிறது. விரலாலேயே தடவிப் பார்க்கும் துணிச்சல் வேண்டாம். உலோகத்துக்குச் சிறிய அரமும், பிளாஸ்டிக்குக்கு உப்புத்தாளும், டைலுக்குத் தேய்ப்புக்கல்லும் போதுமானவை. ஏற்கெனவே குடியிருக்கிற வீட்டில் தரையைப் பெயர்க்காமலே செய்யக்கூடியதும் உண்டு: நீட்டிக்கொண்டிருக்கும் சில்லுகளைத் தேய்த்துவிட்டு, மீதியிருக்கும் ஓரத்தின்மேல் சிலிக்கான் பசையை விரற்கனத்துக்கு இழுத்து மூடிவிடலாம், ஆடாத, தடித்த ஜாலி ஒன்றை வாங்கி மாட்டலாம், அடைப்பு எடுப்பதற்குத் தடித்த ரப்பர் கையுறையையும் நீண்ட இடுக்கியையும் குளியலறையிலேயே தொங்கவிடலாம். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்கும் அந்தக் கையுறை கொடுக்கப்படவேண்டும் என்பதை நான் தனியாக வற்புறுத்திச் சொல்கிறேன். அநேக வீடுகளில் அது மறக்கப்படுகிறது. விருந்தாளிகளுக்காகக் கட்டி, பூட்டியே வைத்திருக்கும் மாடிக் குளியலறையின் துவாரத்தில் வாரத்துக்கு ஒரு முறை ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி வரவேண்டும். தருமபுரியின் சித்திரை வைகாசி வெயிலில் அதை வாரம் இரண்டு முறையாக்கிக்கொள்வது நல்லது.